குறைகள்: இல்லை

ப்ளூமென்தால், மனிடோபா
1985 மார்ச் 11

அன்புள்ள தங்கை ஜஸ்டீனாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் பெட்ரோவும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அட்டை வந்தது. உன் அத்தான் தானியக் கொட்டிலின் ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து ஆறு மாதம் ஆகிறதாம். உள்ளே வைத்த தகடும் எட்டுத் திருகாணியும் எப்படி இருக்கின்றன என்று டாக்டர் பெல்லமிக்குத் தெரிய வேண்டுமாம். நடக்கிறாரா? நடக்கிறார். வேலை செய்கிறாரா? செய்கிறார். கடைசியில் 'குறைகள்' என்று அச்சடித்து ஒரு கோடு. அதைக் கேட்டதும் அவருக்கு வந்ததே கோபம்!

"குறையா? செத்திருக்க வேண்டியவனைத் தூக்கி நிறுத்தினவர் மேல நான் குறை சொல்லணுமா? வனாந்தரத்துல கர்த்தர் மேல முறுமுறுத்த இஸ்ரவேலர் என்ன ஆனாங்க? 'இல்லை'ன்னு போடு நெத்தா. கொட்டை எழுத்துல போடு."

போட்டேன். கீழே 'தேவனுக்கே மகிமை' என்றும் சேர்த்தேன்.

பாலும் முட்டையும் எழுதும் நோட்டில் எதிர்ப்பக்கம் அவர் காலுக்கு. வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு நூற்று நாற்பத்து மூன்று அடி. ஜனவரியில் வழியில் நான்கு தரம் நின்றார். இப்போது ஆறு தரம். குளிரினால் இருக்கும்.

உன் மாமியார் தங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதாக எழுதியிருந்தாய். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம். எங்கள் சபையின் ஜெபம் போதும்.

உன் அக்கா,
அகநேத்தா

*

வின்னிபெக்
1985 மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அட்டைகளைப் பிரித்து டைப் அடிக்கிறவள் நான்தானே. அட்டைக் கட்டுக்குள் உன் கையெழுத்து தூரத்திலேயே தெரிந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினேன். "இந்தப் பண்ணைக்காரங்க எலும்பும் இரும்பு, வாயும் இரும்பு" என்று சிரித்தார். குறை இருப்பவர்கள் மட்டும் வந்தால் போதும் என்பது அவர் ஏற்பாடு. ஆகவே அத்தானுக்கு ஜூனில் குறித்திருந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'நன்று' என்று அடித்துவிட்டேன்.

நிஜமாகவே ஒன்றும் இல்லையா அக்கா? நான்கு தரம் நின்றவர் ஆறு தரம் நிற்கிறார் என்கிறாய். அட்டையில் எழுத மனமில்லாவிட்டால் எனக்காவது எழுது. ஒரு போன் போட்டால் அந்த ஜூன் தேதியைத் திரும்ப வாங்கிவிடுவேன்.

பெட்ரோ உங்களை விசாரித்தார். ஒருமுறையாவது வீட்டுக்கு வாருங்கள்.

உன் தங்கை,
ஜஸ்டீனா

*

ப்ளூமென்தால்
1985 அக்டோபர் 16

அன்புள்ள ஜஸ்டீனா,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்துப் பதில். இடையில் வந்த இரண்டு அட்டைகளிலும் 'இல்லை' என்றே எழுதி அனுப்பினேன். பார்த்திருப்பாய்.

அறுப்பின் நன்றி ஆராதனையில் கர்த்தர் தன்னைக் குணமாக்கினார் என்று உன் அத்தான் சாட்சி சொன்னார். கைத்தடியைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு முன்னால் நடந்துபோனார். பெண்கள் பக்கத்தில் அழாதவர்கள் இல்லை. மூப்பர் டூக் என்னிடம், "சிஸ்டர், உங்க தங்கச்சிக்கு இதை எழுதுங்க, அவ மனசு திரும்பும்" என்றார். எழுதிவிட்டேன்.

வலிக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, புண் ஆறியதா என்று தோண்டித் தோண்டிக் கேட்கிறாய். எங்கள் ஜெபம் கேட்கப்படவில்லை என்று என் கையாலேயே எழுதி வாங்கவேண்டும், அவ்வளவுதானே? சபையை விட்டு அந்நியரைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு நான் ஏன் எழுதித் தரவேண்டும்? அன்று ஆராதனை முடிந்து வந்தபின் அவர் காலோடு ஒட்டிப்போன காலுறையைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழற்ற அரைமணி ஆயிற்று. அது எங்களுக்கும் கர்த்தருக்கும் உள்ள காரியம்.

தர்பூசணி ஊறுகாய் இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன்.

அகநேத்தா

*

வின்னிபெக்
1986 பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

அத்தானின் காலை எடுத்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். அதனால் எழுதுகிறேன்.

எலும்புக்குள்ளேயே சீழ் பிடித்து ஒரு வருஷம் ஆகியிருக்குமாம். ஜூனில் பார்த்திருந்தால் தகட்டை எடுத்து, எலும்பைச் சுரண்டி, மருந்து ஏற்றியிருக்கலாம். காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வந்திருக்காது என்றார் டாக்டர். "ஏம்மா இத்தனை நாளா கூட்டிட்டு வரல?" என்று அவர் கேட்டதற்கு நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

"குறை இருந்தாத்தானே வரச் சொன்னீங்க? எங்களுக்குக் குறை ஒண்ணும் இல்ல டாக்டர். வலிதான் இருந்துச்சு."

அவர் உன்னைப் புத்தி பேதலித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை அக்கா, முதல் அட்டை வந்தபோதே புரிந்தது. அப்பா கை விரலை அறுவடை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்து "குறையில்லை" என்று சாப்பிட்ட வீட்டில்தானே நானும் பிறந்தேன். நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆபீஸில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தே 'நன்று' என்று அடித்தேன். உன் மகிமையும் ஸ்தோத்திரமும் எனக்குச் சலித்திருந்தது. நீயாக வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

டாக்டரின் வருஷ அறிக்கை அச்சாகிவிட்டது. அறுபத்தொரு பேரில் ஐம்பத்து நான்கு பேருக்கு நன்று. அத்தான் அந்த ஐம்பத்து நான்கில் இருக்கிறார். அவர் பெயரை நீக்கச் சொல்லிக் கேட்டேன். டிசம்பரோடு கணக்கு முடிந்தது என்கிறார்கள்.

இங்கே செயற்கைக்கால் பொருத்திப் பழக ஆறு வாரம் ஆகும். எங்கள் வீட்டில் தங்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜஸ்டீனா

*

ப்ளூமென்தால்
1986 பிப்ரவரி 23

ஜஸ்டீனாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உன் அத்தானுக்கு ஒரு தரம், பாதி மட்டும் வாசித்தேன்.

டாக்டரை மன்னித்துவிட்டேன். அவர் அறியாமல் செய்தார். நீ அறிந்து செய்தாய். நானும் அறிந்துதான் செய்தேன். மே மாதமே நாற்றம் வந்துவிட்டது. படுக்கை விரிப்பைத் தினமும் துவைத்தவள் நான். 'இல்லை' என்று அவர் சொன்னது கர்த்தருக்காக. நான் அதைக் கொட்டை எழுத்தில் எழுதியது, பிரிப்பவள் நீ என்பதற்காக. நான் எழுத வேண்டும் என்று நீயும், நீ இறங்கி வரவேண்டும் என்று நானும் பிடிவாதமாக இருந்தோம். நடுவில் இருந்தது அவர் கால்.

போன ஞாயிறு மூப்பர் டூக் வந்து, "சகோதரன் கொர்னேலியஸ், எப்படி இருக்கீங்க?" என்றார். இவர் வாய் திறக்கும் முன்னே, "வலிக்குது மூப்பரே, இல்லாத பாதம் வலிக்குதாம், ராத்திரியெல்லாம் கத்துறார்" என்றேன் நான். இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள்தான் பேசினார். உன் வீட்டில் தங்குவதில் அவருக்குச் சம்மதம்தான். "தங்கச்சி கூப்பிடுறா, போவோமே நெத்தா. வாசல்ல எத்தனை படி இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. உனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், நான் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நிறையப் படி, உங்களால் ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வின்னிபெக்கில் சபை விடுதியில் கீழ்த்தளத்தில் அறை எடுத்திருக்கிறோம். பார்க்க வராதே.

அகநேத்தா