கிழிக்காமல் போன முதல் அத்தியாயம்

சேர்,

நீங்கள் இறந்த பிறகு வெளிவந்த உங்கள் கடைசி நாவல் என் மேசையில் கிடக்கிறது. புது மை வாசம் இன்னும் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் கொண்டுவந்து உங்கள் மேசையிலேயே எறிந்திருப்பேன். செத்துப்போன மனிதரோடு சண்டை பிடிப்பது எவ்வளவு எரிச்சல் பிடித்த வேலை என்று இப்போதுதான் தெரிகிறது.

உங்கள் நாவல்கள் ஏன் நடுவிலேயே தொடங்குகின்றன என்று வாசகர்கள் வியப்பார்கள். பல்கலைக்கழக எழுத்து வகுப்பில் உங்களிடம் படித்த எங்களுக்குக் காரணம் தெரியும். முதல் அத்தியாயத்தை உங்களுக்காக மட்டும் எழுதுவீர்கள். நாவல் முடிந்ததும் கிழித்துப் போடுவீர்கள். எங்களையும் அப்படியே செய்யவைத்தீர்கள். "அது ஏணி. ஏறியதும் உதைத்துவிடு" என்பீர்கள், உங்கள் அமெரிக்க உச்சரிப்பின் இழுவையோடு.

என் அண்ணனைப் பற்றி நான் வகுப்பில் சொல்லவில்லை. அவன் இறந்த கிழமை, ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று தனியாகக் கேட்டீர்கள், உங்களிடம் மட்டும் அழுதுகொண்டு சொன்னேன். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், இங்கே விமான நிலையத்தில் கழிப்பறை கழுவினான். மகளுக்குத் தெரியக்கூடாதென்று டை கட்டிக்கொண்டுதான் ஹவுன்ஸ்லோ வீட்டிலிருந்து புறப்படுவான். அங்கே போய்க் கழற்றிவிட்டுச் சீருடை போடுவான். அடுத்த வருடம் அந்த டையை உங்கள் கையெழுத்துப் பிரதியில் கண்டேன். கத்தினேன். "பயப்படாதே, அது முதல் அத்தியாயம்தானே" என்று சிரித்தீர்கள். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. சொந்த ஊரைப் பற்றி எழுதி, அங்கே ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் போனதையே பெருமையாகச் சொல்லித் திரிந்த ஆள்தானே நீங்கள்!

நாவலை முடித்தீர்கள். கிழிக்குமுன் போய்விட்டீர்கள். பதிப்பகம் எல்லாவற்றையும் அப்படியே அச்சடித்துவிட்டது. முதல் அத்தியாயம்தான் நூலின் உச்சம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள்.

நேற்று அண்ணன் மகள் வந்தாள். என் பேராசிரியரின் புத்தகமென்று ஆசையாக வாங்கியிருக்கிறாள்.

"மாமி, இந்த டை கட்டின ஆள் அப்பாதானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்" என்றேன்.

"எனக்குச் சின்னனிலேயே தெரியும். ஸ்கூல் ட்ரிப் போகேக்க ஏர்போர்ட்டில கண்டனான். அவர் என்னைக் காணேல்ல. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, மாமி. அப்பாக்கும் காட்டிக்கொள்ளேல்ல. இவர் ஆர் அதைச் சொல்ல?"

தகப்பன் மகளுக்கு ஒளித்தான். மகள் தகப்பனுக்கு ஒளித்தாள். அவர்களுக்கிடையில் நீங்கள் புகுந்துவிட்டீர்கள்.

குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பிரதிகளிலும் அந்த அத்தியாயத்தைக் கிழித்தோம். மிச்சத்தைக் கோபம் அடங்காமலே இரவில் வாசித்தேன். நல்ல நாவல், அது இல்லாமலே நிற்கிறது. நீங்கள் பழக்கியபடி நானும் இன்றுவரை முதல் அத்தியாயத்தைக் கிழிக்கிறேன். இனி நாவல் முடியும்வரை காத்திருக்க மாட்டேன். எழுதிய அன்றைக்கே கிழிப்பேன்.

கடைகளில் அடுக்கியிருக்கும் மற்றப் பிரதிகளை யார் கிழிப்பது, சேர்?