இறக்கத்தில் அணைத்த வேன்

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னார் அப்பா. எழுதிவிட்டேன்.

நான் பள்ளியை விட்டதிலிருந்து அப்பாவின் காய்கறி வேனில் கூடப் போகிறேன், தெரியுமல்லவா? டீசல் விலை ஏறிய பிறகு, மேட்டிலிருந்து சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் அவர் எஞ்சினை அணைத்துவிடுகிறார். வண்டி தானாக உருள்கிறது. அப்போது பிரேக் கல் மாதிரி இறுகிவிடும். அவர் ஏறக்குறைய எழுந்து நின்றுதான் மிதிக்கிறார்.

பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை; சீட்டைத்தான் இறுகப் பிடித்துக்கொள்கிறேன். "என்னடி, சீட்டைப் பிச்சுடுவ போலிருக்கே!" என்று சிரிக்கிறார்.

வங்கி வட்டியை ஏற்றியதால் வேன் தவணையும் ஏறிவிட்டது. உன் படிப்புக்காக வாங்கி வைத்த லாரி கம்பெனிப் பங்கோ, அதே டீசலாலும் அதே வட்டியாலும் பாதி விலைக்கு வந்துவிட்டது. விற்றுவிடலாமே என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"வட்டி இறங்கட்டும், பங்கு தானா ஏறும். அதுவரைக்கும் யாரும் அதத் தொடக்கூடாது. பெரியவ படிப்பு அது."

நேற்று இறக்கத்தில் ஒரு பள்ளிப் பேருந்து குறுக்கே வந்தது. எப்படியோ நின்றோம். வேனுக்கும் பேருந்துக்கும் நடுவில் என் கைகூட நுழைந்திருக்காது. நின்ற பிறகும் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அக்காகிட்ட சொல்லிடாதம்மா."

சொல்லிவிட்டேன். பங்கை விற்கச் சொல்லி நீ சொன்னால்தான் அவர் கேட்பார். உன்னிடம் எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன், அக்கா. நாளைக்கும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும்.

உன் ஊமைக்கோட்டான்