குவார்ட்டர்ஸ் நம்பர் போட்ட எக்ஸ்ரே

ஜூலை 7, 2025 – திங்கள்

காலையிலேயே 3டி பிரிண்டர் மக்கர் பண்ணிவிட்டது. இசைப்பிரியாவின் பதினோராவது ட்ரேக்கான பல் அச்சு பாதியில் நின்றது. திட்டிக்கொண்டே பிசின் தொட்டியைக் கழுவி மறுபடி போட்டேன். மந்தாரக்குப்பத்தில் கம்பி கட்டாமல் பல்லை வரிசைப்படுத்துகிறோம் என்றால் அதில் பாதி நான்தான். வாய்க்குள் கேமராவை விட்டு ஸ்கேன் எடுப்பது, கம்ப்யூட்டரில் பல்லுக்குப் பல் பிரிப்பது, பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் ட்ரே செய்து ஓரம் வெட்டுவது எல்லாம் என் வேலை. அத்தாவிடம் சொன்னால், "பிளாஸ்டிக் உறைக்கா புதுச்சேரி போய் படிச்ச?" என்பார்.

மதியம் இசைப்பிரியாவின் வாரப் படம் செல்லில் வந்தது. பதினாறாம் பிளாக், பத்தாம் வகுப்பு. அவள் அப்பா சிங்காரவேல் மைன்ஸில் ஷிப்ட். ஆப் பச்சை டிக் போட்டிருந்தது, எல்லாம் திட்டப்படி. படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "அக்கா, நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல்லு ஆடுது. வலிக்குது."

புது ட்ரே என்றால் ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்று பதில் போட்டேன். எல்லோருக்கும் போடும் பதில்.

ஜூலை 8

அந்தப் பதிலை ஏன் அவ்வளவு சீக்கிரம் அனுப்பினேன்?

ஜூலை 9 – புதன்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மேல் கோரைப்பல் சின்னதாக, குட்டையாக, ரொம்ப வெள்ளையாக இருக்கிறது. அது பால்பல். கம்ப்யூட்டர் அதற்குக் கோரைப்பல் என்று பெயர் வைத்தது, நானும் சரி என்று தட்டியிருக்கிறேன். பால்பல் விழவில்லை என்றால் நிஜப் பல் எங்கே?

அவளுடைய முழுவாய் எக்ஸ்ரேயைத் திறந்தேன். அதில் பால்பல்லே இல்லை. கோரைப்பல் ஒழுங்காக இறங்கி நிற்கிறது. கீழ்க் கடைவாயில் வேர் சிகிச்சை செய்த வெள்ளைக் கோடு. ஸ்கேனில் அவளுடைய அந்தப் பல்லில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

இது அவ வாயே இல்ல.

டாக்டர் சாருடைய அப்பா காலத்திலிருந்து எங்கள் கிளினிக்கில் மைன்ஸ் டவுன்ஷிப் ஆட்களுக்கு ஃபைல் பேரில் கிடையாது, குவார்ட்டர்ஸ் நம்பரில்தான். பிளாக், தெரு, வீடு. ஒரே பேரில் நாலு பேர் வருவார்கள், வீடு ஒன்றுதானே. போன வருஷம் பழைய பிலிம்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பேர் எழுதிய மூலை கறைபிடித்து அசிங்கமாக இருந்தது என்று வெட்டிவிட்டு, நம்பரை மட்டும் வைத்தேன். ரிட்டயர்டானால் வீட்டைக் காலி பண்ணுவார்கள், அடுத்த குடும்பம் வரும். இது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா?

பிப்ரவரியில் சார் கேட்டார், "எக்ஸ்ரே இருக்கா ஆஃப்ரீன்?" நம்பரைத் தட்டினேன், வந்தது. பல் சுத்தம் பண்ண ஏற்கெனவே வந்தவள்தானே, அப்போது எடுத்திருப்பார்கள் என்று, "இருக்குது சார்" என்றேன்.

பீரோவில் தேடி அசல் பிலிமை எடுத்தேன். பிரவின்குமார், 2021. அவன் அப்பா ரிட்டயர்டாகி, அதே வீட்டைக் காலி பண்ணி எல்லோரும் நெல்லிக்குப்பம் பக்கம் போய்விட்டார்கள்.

ஜூலை 10

பிலிமைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பத்திரத்துக்காக என்று எழுதலாம். கிழிக்கத்தான் கொண்டுவந்தேன். என்னிடமே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

இசைப்பிரியாவுக்கு போன் போட்டு, நான் சொல்லும்வரை ட்ரே போடாதே என்றேன். "ஏன்க்கா?" என்றாள். பிரிண்டர் ரிப்பேர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 12 – சனி

ட்ரே போட்டதும் தினமும் அவள் செல்லில் ஒரு தட்டு தட்ட வேண்டும். ரெண்டு நாளாகத் தட்டவில்லை என்று சாருக்குச் சிவப்பு எச்சரிக்கை போயிருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. காலையில் என் முன்னாலேயே அவள் அம்மா மலர்கொடிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"உங்க பொண்ணு ட்ரேவே போடறதில்லம்மா."

"போட்டுகினுதான் சார் இருந்தா. கேட்டா, கிளினிக் அக்கா வேணாம்னு சொன்னாங்கன்னு பொய் சொல்றா. நல்லா நாலு வெச்சேன் சார்."

உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பிள்ளை அடி வாங்கியிருக்கிறாள். நான் ஒன்றும் தெரியாதவள் போலப் பக்கத்தில் நின்று கையுறை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்! சீ.

கைப்பையிலேயே கிடந்த பிலிமை எடுத்துப்போய் சார் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறிவுச்செல்வன் சார் கத்துகிற ஆள் இல்லை. ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பால்பல்லுன்னு எனக்கே கண்ணுல பட்டிருக்கணும். ஓகே பண்ணது நான்தானே." பிலிமைக் கீழே வைத்துவிட்டு, "புதுசா 3டி எக்ஸ்ரே எடுப்போம். அவங்கம்மாகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்ல வேணாம்" என்றார்.

ஜூலை 15 – செவ்வாய்

பல் ஆடுவதைப் பார்க்க என்று சொல்லி அனுப்பி, கடலூரில் எடுத்த ஸ்கேன் வந்தது. கோரைப்பல் எலும்புக்குள் சாய்ந்து கிடக்கிறது. அதன் முனை பக்கத்துப் பல்லின் வேரில் இடிக்கிறது. நாலு மாதமாக அந்த வேரைத்தான் நாங்கள் ட்ரேக்கு ட்ரே அந்த முனைமேல் தள்ளியிருக்கிறோம். வேர் நுனி கரைந்திருக்கிறது. கால்வாசி என்கிறார் சார். இன்னும் கரைந்தால் பல் நிற்காது. முன்பல் வரிசை. வயசு பதினைந்து.

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூலை 16

சார் சொல்கிறார்: "பல்லு உள்ள மாட்டிக்கினது நாம பண்ணது இல்ல. வேர் தானாவும் கரையும். அத மட்டும் சொல்வோம். பொய் இல்லயே."

பொய் இல்லைதான். அவர் கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். நல்ல மனுஷன், பயந்துபோயிருக்கிறார். நானும்தான். என் வேலை போகாது என்ற நினைப்பு உள்ளுக்குள் இனித்ததை மறைக்க முடியவில்லை.

ஜூலை 18

நாளைக்கு வருகிறார்கள்.

ஜூலை 19 – சனி

அம்மாவும் மகளும் வந்தார்கள். சார் திரையில் எலும்புக்குள் கிடக்கும் பல்லைக் காட்டி விளக்கினார். மலர்கொடி கவனமாகக் கேட்டார்.

"இது முன்னாடியே இப்பிடித்தான் இருந்துச்சா சார்?"

"இருந்திருக்கும்மா."

"அப்ப மொதல்ல பாத்த படத்துல தெரியலீங்களா?"

சார் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடிக்கவில்லை, மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன்.

"அது உங்க பொண்ணு படம் இல்லீங்கம்மா. உங்களுக்கு முன்னாடி அந்த வூட்ல இருந்த பையனோடது. நான்தான் மாத்திப் போட்டேன். அது தெரிஞ்சதும் ட்ரே போடாதன்னு சொன்னதும் நான்தான். அவ பொய் சொல்லல."

மலர்கொடி என்னைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். "நீ சொன்ன. நான் நம்பாம அடிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு போனு போட்டு சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லயாடி?" என்றார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 20

போன் வரவில்லை.

ஜூலை 28

பிலிம்கள் முந்நூற்று நாற்பதுக்கும் இனிஷியல், பேர், பிறந்த தேதி போட்டு முடித்தேன். இன்னும் மூன்று வீடுகளில் இரண்டு குடும்பத்துப் படங்கள் கலந்திருந்தன. அவர்களில் யாருக்கும் ட்ரே போடவில்லை. அப்போதுதான் மூச்சு வந்தது. சார் வேலையை விட்டு அனுப்பவில்லை. வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

ஆகஸ்ட் 6 – புதன்

மலர்கொடி சாருக்கு போன் பண்ணினார். புதுச்சேரியில் வேறு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவரும் அதே வழியைத்தான் சொன்னாராம்: ஈறைத் திறந்து உள்ளே கிடக்கும் பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, அண்ணத்தில் குட்டி ஸ்குரு பதித்து, வேரை விட்டு விலக்கி மெல்ல இழுப்பது. மாதா மாதம் புதுச்சேரிக்கு அலைய முடியாது, ஷிப்ட் ஒத்துவராது. "உங்ககிட்டயே செய்யறோம் சார். வேற வழி இல்ல" என்று சொன்னாராம்.

செப்டம்பர் 3

சங்கிலி ஒட்டியாயிற்று. இசைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 12 – புதன்

புது 3டி எக்ஸ்ரே வந்தது. வேர் அதற்கு மேல் கரையவில்லை. கோரைப்பல் நாலு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. சார் ரெண்டு தடவை அளந்தார்.

மலர்கொடி வெளியே உட்கார்ந்துகொண்டு மகளை மட்டும் உள்ளே அனுப்பினார். நாற்காலியில் சாய்த்து, ஸ்கேனரை எடுத்து, வாயைத் திற என்றேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஸ்கிரீன இந்தப் பக்கம் திருப்புங்கக்கா."

திருப்பினேன். எழுந்து உட்கார்ந்து, விரல் வைத்து வாசித்தாள். சி. இசைப்பிரியா. பிறந்த தேதி. படம் எடுத்த தேதி. மறுபடி முதலிலிருந்து ஒருமுறை.

"ம், நான்தான்" என்றாள்.

அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.