நீலப்பூ கப்பு

ஆமா, நான்தான் எடுத்தேன். ஷோகேஸ்லேர்ந்து நீலப்பூ கப்ப எடுத்து காபி ஊத்திக்கினேன். அக்கா வேலைக்குக் கெளம்பும்போது பாத்துட்டு, "அது வர்றவங்களுக்குக் குடுக்கறது, உனக்கெதுக்குடா?"ன்னு கேட்டா. பதில் தெரியல டாடி. உன்னத்தான் கேக்கணும். நீ இல்ல. அதான் எழுதறேன்.

ரூல் நீ போட்டதுதான். வீட்டு ஆளுங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். வர்றவங்களுக்கு பீங்கான் கப்பு. கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவரு, கொரியர் பையன், கிறிஸ்மஸ் பாட்டு பாட வர்ற சர்ச் பசங்க, யாரையும் நீ சும்மா அனுப்புனதில்ல. ஒரு தடவ மழைல ஜிஎஸ்டி ரோடு பஸ் ஸ்டாப்ல நனைஞ்சிகினு நின்ன ஒருத்தர வண்டில ஏத்திகினு வந்துட்ட. மம்மி உள்ள கூப்ட்டு, "யாருங்க அது?"ன்னாங்க. "பேரு இன்னும் கேக்கல. மொதல்ல காபி போடு"ன்ன.

எனக்கு அந்த மரியாதையெல்லாம் கெடையாது. எனக்கு டேய்தான். "டேய், செருப்ப ஒழுங்கா விடுறா." "டேய், வந்திருக்கற அண்ணனுக்கு ஃபேன் போடுறா."

அப்புறம் நான் காலேஜ விட்டேன். காட்டாங்குளத்தூர் போற ட்ரெய்ன்ல ஏறாம தாம்பரம் ஸ்டேஷன்லயே உக்காந்துட்டு, திரும்பி வந்து, "இனிமே போமாட்டேன்"னு சொன்னேன். திட்டுவ, கை ஓங்குவன்னு ரெடியா நின்னேன். நீ கிச்சனுக்குள்ள போய் காபியோட வந்த. நீலப்பூ கப்புல. "உக்காருப்பா. சூடா இருக்கு, பாத்துக் குடி"ன்ன.

கொரியர் பையன்கிட்ட சொல்ற 'ப்பா'வாம். எனக்கு.

அன்னியோட டேய் நின்னுபோச்சு. பெங்களூர் போனேன், ஒத்துவரல, வந்தேன். டெலிவரி ஓட்டுனேன், விட்டேன். கீழ்க்கட்டளைல ஃப்ரெண்டோட செல்போன் கடைல உக்காந்தேன், அவன்கூட சண்ட. ஒவ்வொரு தடவ திரும்பி வர்றப்பவும் "வாப்பா"ன்ன, கப்பு வந்துச்சு. அக்கா லைட்ட அணைக்காம போனாலே அவளுக்குத் திட்டு விழும். எனக்கு பிஸ்கட்டு. ஒரு வார்த்த திட்டிருந்தா நானும் திருப்பிக் கத்திருப்பேன். பிஸ்கட்டு குடுக்கற ஆளுகிட்ட எப்டி சண்ட போடறது?

உன்ன அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு வீடு ஃபுல்லா ஜனம். எல்லாரும் உன் காபியப் பத்தியே பேசிகினு இருந்தாங்க. ஒரு பெரியவரு என்னப் பாத்து, "தம்பி, உங்களுக்கு சார் எப்டிப் பழக்கம்?"னு கேட்டாரு. பையன்னு சொல்ல வாய் வரவே நேரமாச்சு.

அக்கா என்ன சொல்றான்னா, "உன்ன தண்ணி தெளிச்சு விட்டுட்டாருடா. அதான் அவ்ளோ மரியாத." கலாய்க்கத்தான் சொன்னா, ஆனா சிரிக்கல. மம்மி சொன்னது வேற. "நீ எப்பப் பாத்தாலும் கெளம்பிகினே இருந்த. நல்லா கவனிச்சா இன்னும் கொஞ்ச நேரம் உக்காருவன்னு பாத்தாரு." சொல்லிட்டு பூண்டு உரிக்கப் போய்ட்டாங்க.

ரெண்டுல எது? காலைல அக்கா சொல்றது சரின்னு தோணுது, சாயங்காலம் மம்மி சொல்றது. டம்ளர்ல குடிச்சா, நீ குடுத்தத வேணான்னு சொன்ன மாதிரி கீது. கப்புல குடிச்சா யாரோ வூட்ல உக்காந்துகினு இருக்கற மாதிரி கீது. பேஜாரா கீது டாடி.

ஆனா ஒண்ணு ஒட்டிக்கிச்சு. யாரு வந்தாலும், பேரு கேக்கறதுக்கு முன்னாடியே என் கை பால் பாக்கெட்டுக்குப் போகுது. நேத்து தண்ணி கேன் தூக்கினு வந்தவன் கெளம்பறேன்னு சொல்லச் சொல்ல, உக்கார வெச்சிட்டேன்.

கேட்டு சத்தம் கேக்குது. யாரோ ஒருத்தரு வெளிய நின்னுகினு, "சார் இருக்காரா?"ன்னு கேக்கறாரு. பாவம், விஷயம் தெரியாது போல. மம்மி கடைக்குப் போயிருக்காங்க. நல்ல வெயில். மத்த கப்பையெல்லாம் மம்மி பரண்ல ஏத்திட்டாங்க, இது ஒண்ணுதான் கீழ கீது. கழுவணும்.

நான் போணும் டாடி. வாசல் வரைக்குந்தான்.