ரூமுக்கு நாலு பேர்

தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. வேல்விழி வீணாய்ப்போன மத்தாப்பு லேபிளின் பின்பக்கத்தில் கணவன் முனியராஜுக்கு அவசரமாக எழுதினாள்:

"பழைய கம்ப்யூட்டரை மந்தம்னு எடைக்குப் போட்டுறாதீக. ஆன் பண்ணதும் கேக்காமலே ஏகப்பட்ட புரோகிராம் பின்னாடி ஓடியிருக்கு. வெடி செய்யுற ரூமுல நாலு பேருக்கு மேல எங்களை உக்கார விட மாட்டாகல்ல, அது மாதிரி நாலை மட்டும் விட்டுட்டு மத்ததை நிறுத்திட்டேன். இப்ப உங்க லேபிள் டிசைன் சட்டுன்னு திறக்குது. குழம்பு அடுப்பு மேல இருக்கு."

வண்டி மறுபடி அலறியது. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நேத்து என்னையும் மந்தம்னு சொன்னீக. அத்தை மாத்திரை, கேஸ் புக்கிங், பாப்பா வீட்டுப்பாடம், எல்லாம் எனக்குள்ளயும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. அதுல மாத்திரையை இன்னையோட நிறுத்திட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் அத்தைக்கு நீங்க எடுத்துக் குடுங்க."