அந்த இரண்டு வரிகளை முன்பின்னாக எழுதியவன் நான்

என் அன்புக் குபேந்திரா, என் மாப்ள,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன் வேலையைப் பறித்த தப்பு என்னுடையது. இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இப்போது ஊரே படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நம் ஆபீஸ்காரர்களும் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். பால் சொசைட்டிகளுக்கு ஒரு பெட்டி செய்தோம். தராசில் கேனை வைத்தால் எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும். கிராமத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பேட்டரியை மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும்போது பெட்டி தூங்கிவிடும். அடுத்த கேனை வைத்தால் எழுந்துகொள்ளும். தூங்கவைத்து எழுப்புகிற ப்ரோக்ராம் என்னுடையது. பிரிண்டருக்கான ப்ரோக்ராம் உன்னுடையது.

தராசுக்கும் பிரிண்டருக்கும் கவனிக்க ஆள் வேண்டுமென்றால் பெட்டியின் மூளையைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வயர். யார் கூப்பிட்டது என்று மூளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆகவே தூங்கப் போகும்போது முதலில் அந்த வயருக்குக் காதை மூட வேண்டும், பிறகுதான் பிரிண்டருக்குக் கரண்ட்டை வெட்ட வேண்டும். மூடிய காதிலும் தராசின் கூப்பாடு எழுப்புமணியாக மட்டும் எட்டும். நான் முதலில் கரண்ட்டை வெட்டினேன், பிறகு காதை மூடினேன். இரண்டுக்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்ற திமிர்.

கொட்டாம்பட்டிப் பக்கம் பெட்டி போன முதல் வாரமே தொங்கிவிட்டது, எதற்கும் அசையாமல் அப்படியே நின்றுவிட்டது. காலையில் பாலோடு நின்ற பொம்பளைகள் ஏசின ஏச்சு போனிலேயே கேட்டது. எங்கே தொங்கியது என்று பார்த்தால், கடைசியாக ஓடிய வரி உன் பிரிண்டர் ப்ரோக்ராமில் இருந்தது. முதலாளி மீட்டிங் போட்டார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தாண்ணே," என்றாய். "ஆனா தூங்கப் போற வரிசையையும் ஒருக்கா பாக்கணும்ணே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அதெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சுண்ணே," என்றேன். பொய் இல்லை, டெஸ்ட் செய்துதான் இருந்தேன். எடைக்கல்லை வைப்பேன், சீட்டு வரும், எடுப்பேன். பெட்டி நன்றாகத் தூங்கும் வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு மறுபடி வைப்பேன். ஆனால் நீ சொன்னதும் எனக்குள் எங்கேயோ சுருக்கென்றது. அதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே உன்னை அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனவன் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? நீ ஏன்டா பஸ் ஏறிக் கொட்டாம்பட்டிக்குப் போனாய்? இரண்டு நாள் பால் வரிசையில் நின்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ரூபாய் போனில் என்னைக் கூப்பிட்டாய்.

"மாப்ள, கண்டுபிடிச்சுட்டேன்டா! பொட்டி தூங்கப் போறப்ப லைட்டு அணையுதுல்ல? கரண்டு போகப் போகுதுன்னு இவங்க பதறிப்போயி, 'வையி வையி'ன்னு அந்நேரந்தான் கேனைத் தூக்கி வைக்கிறாங்க. தராசு கூப்புடுது. ஒரே வயருல்ல, எம் பிரிண்டரையும் கேக்கும். அதுதான் கரண்டு இல்லாமச் செத்துக் கெடக்கே! செத்த சிப்பைப் படிச்சா பூச்சியமே வராது, எல்லாம் ஒண்ணு ஒண்ணுன்னுதான் வரும். நாந்தான் கூப்புட்டேன்னு அது சொல்ற மாதிரி ஆகிப்போகுது. அது அடங்கட்டும்னு எம் ப்ரோக்ராம் நின்னுக்கிட்டே இருக்கு. எங்கிட்டு அடங்க?"

"இப்ப என்னடா செய்ய?"

"மொதல்ல காத மூடு, அப்புறமாக் கரண்ட்ட வெட்டு. எந்திரிக்கிறப்ப அப்படியே தலைகீழா. மொதல்ல கரண்ட்டு, அப்புறம் காது. நடுவுல தராசு கூப்புட்டா குறிச்சு வச்சுக்கிட்டு எழுப்பிவிடச் சொல்லு. அம்புட்டுத்தான். அண்ணேட்ட சொல்லிரு மாப்ள."

மாற்றினேன். இரண்டு வரிகளை இடம் மாற்றிப் போட்டேன், அதன்பின் பெட்டி ஒரு நாளும் தொங்கவில்லை. ப்ரோக்ராம் திருத்தங்களைக் குறித்துவைக்கிற பதிவில், திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். என்ன திருத்தம் என்ற இடத்தில் 'பிரிண்டர் பிழை' என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. முதலாளி தோளில் தட்டினார், நானும் சிரித்தேன்.

நீ திரும்ப போன் செய்து, "சொன்னியாடா?" என்று கேட்டாய். சொன்னேன் என்றேன். நீ சரி என்றாய். என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கக் கூடாதா? உன் மேலும் எனக்குக் கோபம்தான். அவ்வளவு நல்லவனாக இருந்து என்ன கண்டாய்? நாலு மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாய். காமாலைக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

காரியத்தன்று செல்லூரில் உன் வீட்டுக்கு வந்தேன். சௌராஷ்ட்ர பாஷையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எனக்காகத் தமிழுக்கு மாறினார்கள். உன் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, எம்மகன் செஞ்ச தப்ப நீங்கதான் சரி பண்ணுனீங்களாம், ஆபீஸ்ல சொன்னாங்க. அவன மன்னிச்சுக்கங்க தம்பி," என்றார். நான் தலையாட்டினேன்டா. தலையாட்டிவிட்டு, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன். நானெல்லாம் மனுசனா?

பெட்டி இப்போது திருமங்கலம் பக்கமும் வந்துவிட்டது. எங்கள் ஊர் சொசைட்டியில் என் அம்மா அதில்தான் பால் ஊற்றுகிறாள். "எம்மகன் செஞ்ச பொட்டி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாளாம். அதைக் கேட்கவே கூசுகிறது.

இன்று காலை அந்தத் திருத்தத்தில் என் பெயரை அடித்து உன் பெயரைப் போட்டேன். 'பிரிண்டர் பிழை' என்ற இடத்தில் 'முத்துப்பாண்டியின் பிழை' என்று எழுதினேன். முதலாளி கேட்டால் சொல்வேன், அனுப்பினால் போவேன். அது பெரிய விஷயமில்லை.

உன் அப்பா கம்ப்யூட்டர் பார்க்கிறவர் இல்லை, இந்தக் கடிதமும் அவர் கண்ணில் படாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குப் போகிறேன். உங்கள் மகன் தப்பே செய்யவில்லை, செய்தவன் நான், அவன் கண்டுபிடித்துக் கொடுத்ததைத் திருடியவனும் நான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் அவர் அழுதபடி, "இதை அவன் உசுரோட இருக்கயில சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்கவும் கூடும் மாப்ள. இருந்தாலும் போவேன். இது சத்தியம்.

நீ கடைசிவரை மாப்ள என்றே கூப்பிட்ட
முத்துப்பாண்டி