கோட்டைக்காரி சாத்திய கதவு

என் சின்ன மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, வாய்க்கும் குறைவில்லை, அந்த வாயால்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். குளிர் கடுமை என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மாவுக்கு மூச்சிரைப்பு இந்த மாதம் மட்டுப்பட்டிருக்கிறது. அண்ணன் புதிதாகப் பஞ்சு அடிக்கும் மெஷின் வாங்கியிருக்கிறான், அது ஓடினால் பக்கத்துச் சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார்.

நீ அனுப்பிய ஏழு புத்தகங்களைத் தலையணை சைஸ் என்றார்கள், நான் பஞ்சு அடைக்கிற எந்தத் தலையணையும் அவ்வளவு கனம் இராது. மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு நானும் உன் அம்மாவும் மெத்தைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஊசி போட்டுத் தைப்போம், அண்ணி கல்லாவில் இருந்து சத்தமாகப் படிப்பாள். கைக்குத்தானே வேலை, காது சும்மா கிடக்கிறது. எழுத்து தெரிந்தவர்கள் படித்து நிறுத்திய பக்கத்தில் அட்டை செருகுவார்கள், எனக்கு மெத்தைதான் அடையாளம். கதையில் வரும் கோட்டைக்காரிக்குக் கல்யாணம் ஆனது பல் டாக்டர் வீட்டு இரட்டைக் கட்டில் மெத்தையில். மொட்டைத் தளபதிக்கு விரல் போனது லாட்ஜ்காரர் தலையணைகளில். அந்தத் தளபதியை உன் அண்ணிக்குப் பிடித்துப்போய், அவன் செய்த அட்டூழியத்தை எல்லாம் மென்று முழுங்கிவிட்டுப் படித்திருக்கிறாள். மூன்றாவது புத்தகத்தில் ஒரு கிழவி வந்து என் வீட்டைக் கொளுத்தினவனே என்று அழுததும், எந்த வீட்டை, எந்த மெத்தை தைக்கும்போது என்று கேட்டேன். மாட்டிக்கொண்டாள். இதை எழுதும்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உன் அண்ணனுக்கு டிராகன் ஒன்றுதான் யோக்கியன், பசித்தால் தின்கிறது, மற்றவர்கள் காரணம் சொல்லிக்கொண்டு கொல்கிறார்களாம். சலூன்காரர் பாதி சவரத்தில் ஆளை விட்டுவிட்டு வந்து நின்று கேட்பார், மந்திரிதான் ராஜாவாக வேண்டும் என்பார், முடியை ஒழுங்காக வெட்டிக்கொள்கிறவன் அவன் ஒருவன்தானாம். எனக்குக் குதிரை லாயக்காரன். போன புத்தகத்தில் தான் சொன்னதை இந்தப் புத்தகத்திலும் மறக்காதவன் அவன்தான்.

இப்படிச் சிரிப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது ஐந்தாவது புத்தகத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எதிரிப் படை பின்னால் வர, கோட்டைக்காரியின் தம்பி ஓடி வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே ஊர் ஜனமே இருக்கிறது. அவள் திறக்கவில்லை. சரியாகத்தான் செய்தாள் என்றாள் அண்ணி. உன் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “கூடப் பொறந்தவனுக்கே கதவு திறக்காதவ வேற யாருக்குத் திறப்பா? சில பேருக்கு அது சரியாத்தான் படும்” என்றாள். அவ்வளவுதான், அண்ணி புத்தகத்தை மூடிக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். போன வருஷம் அவள் தம்பி பெட்டியோடு வந்ததையும் இவள் வாசலிலேயே பேசி லாட்ஜுக்கு அனுப்பியதையும்தான் அம்மா குத்தினாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நூல்கண்டு வேண்டும் என்றாலும் என் வழியாகத்தான் போய் வருகிறது. இத்தனை வயதில் தபால்காரன் வேலை எனக்கு. கோட்டைக்காரியின் தம்பி அங்கே கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறான், பாவம்.

இப்போது சொல்வதை அண்ணி எழுத மாட்டேன் என்கிறாள், நான் விடவில்லை. உன் அம்மாவும் தூங்குகிற மாதிரிச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கிறாள். தூங்கும்போது அவளுக்குக் கால் கட்டைவிரல் ஆடாது என்பது எனக்குத் தெரியும், இப்போது ஆடுகிறது. சின்னவளே, அண்ணியின் தம்பி வந்த அன்று நான் ஜன்னலுக்குக் கீழே பஞ்சு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அவனிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அத்தைக்கு ரெண்டு நாளா மூச்சு இழுக்குதுடா. உன்னால சிகரெட்ட விட முடியாது, என்னால அவங்கள விட முடியாது. கோவிச்சுக்காம லாட்ஜுல தங்கிக்கோ.” அவன் கோபித்துக்கொண்டுதான் போனான், இன்னும் போன் செய்யவில்லை. இவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அம்மா வருத்தப்படுவாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கதை நின்றுபோனதால் திறக்கிறேன்.

கட்டைவிரல் நின்றுவிட்டது, அதையும் எழுது என்றேன். அண்ணி பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, என்னிடம் இல்லை, நேராக அவளிடம். “உன் மாமா இல்லாததும் பொல்லாததும் சொல்லுவாரு. எழுதுனத முதல்ல இருந்து படிச்சுக் காட்டு.” இவள் படித்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், அந்தக் கோட்டைக்காரி செய்தது தப்புதான், அதில் மாற்றமில்லை என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உன் தம்பி நம்பரைப் போட்டு என்னிடம் கொடு என்றாள்.

நீ ஏழும் படித்து முடித்தவள். லாயக்காரன் பிழைப்பானா மாட்டானா என்று போனில் உளறி வைக்காதே, உன் அண்ணனிடம் டிராகன் சங்கதியை உளறியது போதும். மாப்பிள்ளைக்கு முதுகு வலி என்றாயே, கடையில் வாங்கிய மெத்தையை நம்பாதே, தரையில் படுக்கச் சொல். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கதவாக இல்லாமல் ஜன்னலாகவாவது இருங்கள், நன்றாக இருப்பீர்கள். முடிக்கிறேன், எழுதிக்கொண்டே உன் அண்ணி இன்னொரு கையால் கல்லாச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்கிறது, புத்தகம் வெளியே வரப்போகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை. பஞ்சு ஒட்டியிருந்தால் ஊதிவிட்டுப் பார்.)